பழைய மேசை: முதல்ல பஞ்சு, அப்புறம்தான் உப்புத்தாள்

விறகுக்குப் போக இருந்த ஒரு அயனி மேசையைப் போன மாசம் காப்பாத்தினேன். அயனி, நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்குத் தெரியும், பலாவோட பங்காளி.

முதல்ல மேல என்ன பூசியிருக்குன்னு பாருங்க. பஞ்சை ஸ்பிரிட்ல நனைச்சு ஒரு மூலையில தேய்ங்க. பிசுபிசுன்னு கரைஞ்சா அரக்கு பாலிஷ், ஸ்பிரிட்லயே எடுத்துரலாம். என் மேசையில மேல்பலகை பாலிஷ், கால் நாலும் பச்சைப் பெயிண்ட்.

பெயிண்ட்னா அங்கேயே நில்லுங்க. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் தாண்டக்கூடாதுங்கற விதி நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பெயிண்ட்டை உலர்வா தேய்ச்சா ஈயத் தூசி பறக்கலாம். குழந்தைகளோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். விறகா எரிச்சாலும் ஆபத்துதான். இது தெரியாம நான் ஒரு காலை வீட்டுக்குள்ளயே தேய்ச்சுட்டேன். அக்கா பையன் அங்கதான் தவழ்ந்துட்டிருந்தான். டாக்டரைக் கேட்டு ரத்தப் பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல. நல்லவேளை, பயப்பட ஒண்ணுமில்ல.

மிச்ச மூணு காலை வெளியே வச்சு, தண்ணி நனைச்சு, என்95 மாஸ்க் போட்டுச் சுரண்டினேன். தூசியைப் பெருக்காதீங்க, ஈரத்துணியால துடைங்க.

வெறும் மரம் காய்ஞ்சதும் உப்புத்தாள் 80, 120, 220. ரேகை போற திசையில மட்டும்.

நமக்கு ரெண்டு பருவமழை. ஈரக்காத்துல அரக்கு அடிச்சா வெள்ளையா பூக்கும். வெயில் நாளா பாருங்க. ஆளிவிதை எண்ணெய்னா, துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானா தீப்பிடிக்கும். விரிச்சு வெளியே காயப்போடுங்க.

அடுத்த வாரம் பாப்போம்.