ஒரு வலி மருந்தும் பாறுகளும் நாமும்

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி, மாதக்கணக்கில் உட்கொண்டு, சிறுநீரகம் பழுதுற்ற பின்னர் எங்களிடம் வருவோர் பலர். அத்தகைய மாத்திரைகளுள் ஒன்று டைக்ளோஃபினாக். சிறுநீரக மருத்துவர்களாகிய நாங்கள் இம்மருந்தைக் குறித்து எச்சரிக்கும்போதெல்லாம், மனிதரைக் கடந்தும் அது விளைவித்த கேடு ஒன்றை நினைத்துக்கொள்கிறோம்.

பிணந்தின்னிக் கழுகு என நாம் அழைக்கும் பாறுகள், ஒரு காலத்தில் இந்தியாவில் மிகுதியாக வாழ்ந்தன. ஊர்ப்புறத்தில் இறந்த மாட்டை வீசினால், சில மணி நேரத்தில் எலும்பு மட்டுமே மிஞ்சும். 1990களில் இப்பறவைகள் திடீரென மறையத் தொடங்கின. 1992 முதல் 2007 வரையிலான 15 ஆண்டுகளில், வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே எஞ்சியது. தொற்றுநோயோ பூச்சிக்கொல்லியோ காரணமாகலாம் என முதலில் ஐயுற்றனர்.

உண்மை 2004-இல் வெளிப்பட்டது. பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆய்ந்தோர், அவற்றின் உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்ணிறமாகப் படிந்திருப்பதைக் கண்டனர். அவற்றின் சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. மாடுகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் டைக்ளோஃபினாக் கொடுக்கும் வழக்கம் அப்போது பரவியிருந்தது. மருந்து பெற்ற சில நாள்களில் இறந்த மாட்டின் இறைச்சியை உண்ட பாறுகள் மாண்டன. இறந்த கால்நடைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து எஞ்சியிருந்தாலும், இத்தகைய அழிவுக்கு அதுவே போதும் எனக் கணக்கிடப்பட்டது.

பாறுகள் போனபின் இறந்த மாடுகள் வெளியில் கிடந்து அழுகின, நீர்நிலைகள் மாசுபட்டன, உணவு மிகுந்ததால் தெருநாய்கள் பெருகின. நாய்களுடன் வெறிநோயும் நம்மை அணுகியது. பாறுகள் முன்பு மிகுந்திருந்த மாவட்டங்களையும் அவ்வாறு இல்லாத மாவட்டங்களையும் பொருளியலாளர்கள் எயல் ஃப்ராங்க், அனந்த் சுதர்சன் ஆகியோர் ஒப்பிட்டனர். 2024-இல் வெளியான அவர்களது ஆய்வு, 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாக இழக்கப்பட்டன என மதிப்பிடுகிறது. மாட்டின் வலியைத் தீர்க்க நல்லெண்ணத்துடன் கொடுத்த மருந்து, இவ்வாறு சுற்றி வந்து மனிதரையே தாக்கியது. மனித சமுதாயமும் சுற்றுச்சூழலும் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006-இல் தடைசெய்தது. மனிதருக்கான பெரிய ஊசிமருந்துக் குப்பிகள் மாடுகளுக்குத் திருப்பப்பட்டதால், 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. பாறு ஆண்டுக்கு ஒரே முட்டையிடுவதால் மீட்சி மெதுவாகவே நிகழும். தமிழகத்தில் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளையொட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அவை இன்றும் வாழ்கின்றன.

வாசகர்கள் மூன்றினை மனத்தில் இருத்த வேண்டுகிறோம். முதலாவது, மனிதருக்கான வலி மருந்துகளை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். பாறுகளுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் குறித்துக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாவது, வலி மாத்திரையை உங்களுக்கும் நீங்களே தீர்மானித்துத் தொடராதீர்கள். அது சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைக்க வல்லது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையோரும் முதியோரும் இதில் மிகுந்த கவனம் கொள்ளல் வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்து உட்கொள்வோர், அச்சத்தால் தாமே நிறுத்திவிடாமல் அவரிடம் கலந்து பேசுங்கள்.

மூன்றாவது, நாய் கடித்தால், கீறல் சிறிதாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வந்து தடுப்பூசித் தவணைகள் அனைத்தையும் முடியுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. தோன்றுமுன் தடுப்பது நம் கையில் உள்ளது.