பந்தலைப் பிரிக்காதே!

வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவர் விடுப்பில் ஊருக்கு வந்து மூன்றரை வாரம்தான் ஆகிறது. மனைவிக்கு நாள் தள்ளிப்போய், மருந்துக்கடையில் வாங்கிய அட்டையில் இரண்டு கோடு விழுந்து, ஸ்கேனும் எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டில் ‘5 வாரம்’ என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நீங்களாவது விளக்கி எழுதுங்கள் சார்” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ரிப்போர்ட்டும் சரி, அம்மா, நீங்களும் சரி. கர்ப்பத்தின் வாரங்களை மருத்துவர்கள் எண்ணத் தொடங்குவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. அன்றைக்குக் கரு இல்லை, கருமுட்டைகூட வெளியே வந்திருக்காது. அது வெடித்து வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கரு உண்டான நாளை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, மாதவிடாய் வந்த தேதியைச் சொல்ல முடியும் என்பதால்தான் இந்தக் கணக்கு. பிரசவ தேதி குறிக்கிற 280 நாளிலும் முதல் இரண்டு வாரம் கரு இல்லாத காலம்தான். ரிப்போர்ட்டில் 5 வாரம் என்றால் கருவின் வயது 3 வாரம். கணவர் வந்தது மூன்றரை வாரத்துக்கு முன். எல்லாம் பொருந்தி வருகிறது. இந்தப் பத்தியை உங்கள் அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இந்த முதல் வாரங்களைப் பற்றி யூடியூபில் கொட்டிக் கிடப்பதில் பெரும்பகுதி பயனற்றது. ‘நாள் தள்ளும் முன்பே கர்ப்பத்தைக் காட்டும் அறிகுறிகள்’ என்று ஒரு பட்டியல் வாசிக்கிறார்கள். மார்பு கனக்கும், அசதியாக இருக்கும், வயிறு உப்பும், தூக்கம் வரும். உண்மைதான். ஆனால் இதெல்லாம் புரோஜெஸ்ட்டிரான் என்ற ஹார்மோனின் வேலை. கருமுட்டை வெடித்தபின் வரும் இரண்டு வாரமும் அது எல்லா மாதமும் சுரக்கிறது. கரு தங்கிய மாதத்திலும் தங்காத மாதத்திலும் அந்த நாட்களின் பெரும்பகுதி ஒரே மாதிரிதான் போகும். அசதியை வைத்துக் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பற்பசை, உப்பு, சர்க்கரை என்று சமையலறையில் செய்யச் சொல்லும் சோதனைகள் எதையுமே காட்டாது.

கருவுற்ற முட்டை முதல் ஐந்தாறு நாள் சினைக்குழாயில் நகர்ந்தபடியும் கருப்பைக்குள் மிதந்தபடியும் இருக்கிறது. அப்போது அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. கர்ப்பத்தை நிலைநிறுத்துவதற்கான சேதி தாயின் ரத்தத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தச் சேதி எப்படிப் போகிறது என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு ஆகப் பெரிய அதிசயம்.

கருமுட்டை வெடித்து வந்த இடம் சினைப்பையில் வெற்றுக் குழியாகக் கிடப்பதில்லை. சில நாளில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு மஞ்சள் நிறக் கட்டியாகிறது. கார்பஸ் லூட்டியம் என்று பெயர். அது சுரக்கும் புரோஜெஸ்ட்டிரான்தான் கருப்பையின் உட்படலத்தை, கரு வந்து பதியும்படி, தடிப்பாகவும் ரத்தஓட்டத்தோடும் வைத்திருக்கிறது. இந்தக் கட்டிக்கு ஆயுள் சுமார் 14 நாள். அது வாடினால் புரோஜெஸ்ட்டிரான் விழும், படலம் உதிரும், மாதவிடாய் வரும்.

கல்யாண வீட்டுப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தல் கருப்பையின் உட்படலம், பந்தல்காரர் கார்பஸ் லூட்டியம். அவருக்கு அச்சாரம் 14 நாளுக்குத்தான். ‘பந்தல் இருக்கட்டும்’ என்று சொல்லும் அதிகாரம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மட்டும் உண்டு. அவர் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அவருடைய குரல் எல்.எச். என்ற ஹார்மோன். சிக்கல் என்னவென்றால், பந்தல் எழும்ப எழும்ப அங்கே எழும் இரைச்சலே பெரியவரின் குரலை அமுக்கிவிடுகிறது. புரோஜெஸ்ட்டிரான் கூடும்போது எல்.எச். குறைகிறது. போதாததற்குப் பந்தல்காரருக்கும் நாளுக்கு நாள் காது மந்தமாகிறது. இந்த நிலையில் விருந்தாளி கொல்லைப்புற வழியாக வந்து சேருகிறார். வந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. இன்னும் ஒரு வாரத்தில் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். விருந்தாளிக்கு ஒரே வழிதான் இருக்கிறது. பெரியவரின் குரலிலேயே பந்தல்காரரைக் கூப்பிட்டு, ‘பந்தலைப் பிரிக்காதே’ என்று அவரே சொல்ல வேண்டும்.

சொல்கிறார். கருப்பைச் சுவரில் பதிகிற கருவின் வெளிப்புறச் செல்கள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. எல்.எச்.சை ஏற்கும் அதே ஏற்பியில் எச்.சி.ஜி.யும் அமர்கிறது. கார்பஸ் லூட்டியத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் காது மந்தமாகும் ஆளிடம் ஒருமுறை சொன்னால் போதாது. இன்றைய குரல் நாளை மறுநாள் கேட்காது. அதனால் எச்.சி.ஜி. இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. 8 முதல் 10 வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்குகிறது. ஏன் இறங்குகிறது? விருந்தாளி அதற்குள் சொந்தமாகப் பந்தல் போட்டுக்கொண்டார். நஞ்சுக்கொடியே புரோஜெஸ்ட்டிரான் சுரக்கத் தொடங்கிவிட்டது. இனி பழைய பந்தல்காரர் ஊருக்குப் போகலாம். அர்பாட் சாப்போ என்ற மருத்துவர் 1970-களில் இதை உறுதிப்படுத்தினார். 7 வாரத்துக்கு முன் கார்பஸ் லூட்டியத்தை அகற்றினால் கர்ப்பம் கலைந்தது. 9 வாரத்துக்குப் பின் அகற்றினால் தொடர்ந்தது.

இந்தக் குரலை விருந்தாளி எங்கே கற்றார் என்பது இன்னும் அழகான விஷயம். குரங்குகளும் மனிதர்களும் சேர்ந்த நம் பரம்பரையில், எல்.எச். மரபணு எப்போதோ ஒரு கூடுதல் பிரதி எடுக்கப்பட்டது. அந்தப் பிரதியின் கடைசிப் பகுதியில் ஓர் எழுத்து விட்டுப்போனது. அதனால் ‘இங்கே நிறுத்து’ என்ற குறி படிக்கப்படாமல் கடந்துபோய், புரதத்தின் நுனியில் இருபத்து நான்கு அமினோ அமிலம் கூடுதலாக ஒட்டிக்கொண்டது. அந்த வாலில் சர்க்கரை மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டதால் எச்.சி.ஜி. ரத்தத்தில் சீக்கிரம் அழிவதில்லை. எல்.எச். ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். எச்.சி.ஜி. பாதியாக ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. படியெடுத்ததில் நேர்ந்த ஒரு பிழையால்தான் நாம் ஒவ்வொருவரும் கருவானபின் வரும் அந்த இரண்டாவது வாரத்தைத் தாண்டினோம்.

மற்ற விலங்குகள் வேறு வழிகளைக் கண்டுபிடித்தன. பசுவின் கரு சுரப்பது இன்டர்ஃபெரான் டௌ என்ற வேறொரு புரதம். மனிதர்களுக்கான அட்டையில் மாட்டின் சினையைப் பார்க்க முடியாததற்குக் காரணம் அதுதான். நாய்க்கு அந்தக் கவலையே இல்லை. சினையானாலும் ஆகாவிட்டாலும் அதன் கார்பஸ் லூட்டியம் ஏறத்தாழ இரண்டு மாதம் உயிரோடு இருக்கும். குட்டியே இல்லாமல் சில நாய்களுக்குப் பால் சுரப்பது இதனால்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கார்பஸ் லூட்டியத்தை அகற்றினால் முயலின் கர்ப்பம் கலைகிறது என்று 1903-ல் லுட்விக் ஃப்ரெங்கெல் காட்டினார். 1920-களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் கர்ப்பிணியின் சிறுநீரைச் சுண்டெலிக்குச் செலுத்தி, பிறகு அதை அறுத்துச் சினைப்பையைப் பார்த்தார்கள். அடுத்து ஆப்பிரிக்கத் தவளை வந்தது. 1972-ல் அமெரிக்காவில் ஜூடித் வைட்டுகைடிஸ் குழுவினர் எச்.சி.ஜி.யை எல்.எச்.சிலிருந்து பிரித்தறிந்து அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1980-களின் கடைசியில் இப்போதைய அட்டை கடைக்கு வந்தது. மூன்று சொட்டு விட்டதும் இளஞ்சிவப்பு ஈரம் காகிதத்தில் ஏறுகிறதே, அதில் கலந்து ஓடுவது எச்.சி.ஜி.யைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள். ‘டி’ என்ற எழுத்துக்கு நேரே கோடு விழுந்தால் கருவின் அந்தக் குரல் உங்கள் சிறுநீர் வரை வந்துவிட்டது என்று பொருள்.

இந்தக் குரலைச் சீக்கிரமே கேட்டுவிடலாம் என்று விற்கிறார்களே, அதைத்தான் நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1982-ல் தொடங்கி 221 பெண்களின் காலைச் சிறுநீரைத் தினமும் சேகரித்து அளந்தார்கள். 198 கர்ப்பங்கள் தெரியவந்தன. அவற்றில் 22 சதவீதம், கர்ப்பம் என்று வெளியே தெரியும் முன்பே முடிந்துபோயின. நிலைத்தவற்றில் 84 சதவீதம், கருமுட்டை வெடித்த 8, 9, 10-ஆம் நாட்களில் பதிந்தவை. 9 நாளுக்குள் பதிந்தவற்றில் 13 சதவீதம் சீக்கிரமே கலைந்தன. 11-ஆம் நாளில் பதிந்தவற்றில் 52 சதவீதம். அதற்கும் பிந்தியவற்றில் 82 சதவீதம். தாமதமாக வந்தவர் கூப்பிடும்போது பந்தல்காரர் முளையைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார் என்பது ஒரு விளக்கம். வலுவில்லாத கருதான் தாமதமாக வருகிறது என்பது இன்னொன்று. எதுவாயினும், நாள் தள்ளும் முன்பே சோதிக்கும் பெண்களில் பலர், முன்பெல்லாம் ஒரு சாதாரண மாதவிடாயாகக் கடந்துபோயிருக்கக்கூடிய ஒன்றுக்காக இன்று அழுகிறார்கள். நாள் தள்ளும் வரை பொறுங்கள். தள்ளியபின் காலையின் முதல் சிறுநீரில் பாருங்கள்.

‘குரல் பலவீனமாக இருந்தால் நாமே புரோஜெஸ்ட்டிரான் கொடுத்துவிடலாமே’ என்று தோன்றும். நம் ஊரில் இந்த மாத்திரையைத் தாராளமாகவே எழுதிக் கொடுக்கிறார்கள். தொடர்ந்து கர்ப்பம் கலைந்த 836 பெண்களிடம் செய்த ‘ப்ராமிஸ்’ ஆய்வு 2015-ல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 65.8 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 63.3 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2019-ல் வந்த ‘ப்ரிஸம்’ ஆய்வில் ஒரு கூட்டத்தாருக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது: ஏற்கெனவே மூன்று முறையோ அதற்கு மேலோ கர்ப்பம் கலைந்து, இம்முறையும் ஆரம்பத்தில் ரத்தக்கசிவு கண்டவர்கள். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்கு குரோமோசோம் கோளாறு இருக்கிறது. பந்தலைக் கெட்டியாக்கி அதைச் சரிசெய்ய முடியாது. மாடிப்படி ஏறியதாலோ, பேருந்தில் போனதாலோ கலைந்துவிட்டது என்று எந்தப் பெண்ணையும் யாரும் குற்றம் சொல்லாதீர்கள்.

6-ஆம் வாரத்தில் மசக்கை தொடங்கும். அதற்கும் எச்.சி.ஜி.யைத்தான் வெகுகாலம் காரணமாகச் சொன்னார்கள். ஜி.டி.எஃப்.15 என்ற வேறொரு ஹார்மோன்தான் முக்கியக் காரணம் என்று 2023-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. கருவின் தண்டுவடக் குழல் மூடுவதும் 6-ஆம் வாரத்தில்தான். நாள் தள்ளியது தெரிந்து, மருத்துவரைப் பார்த்து, மருந்துக்கடைக்குப் போவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் சாப்பிடத் தொடங்குங்கள். 5-ஆம் வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் ஒரு சின்னக் கறுப்புப் பை மட்டும் தெரியலாம். இதயத் துடிப்பு தெரிவதற்கு 6 வாரமாவது தாண்ட வேண்டும். அதுவரை பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. கரு கருப்பைக்குப் பதிலாகச் சினைக்குழாயில் பதிந்தாலும் எச்.சி.ஜி. சுரக்கும், அட்டையில் இரண்டு கோடு விழும். கரு எங்கே இருக்கிறது என்று கோடு சொல்லாது. இரண்டு கோடு விழுந்தபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.