மஞ்சள் விளக்கு எரிந்தது... ஸ்டெப்னியில் காற்று இல்லை!

"சென்சார் கோளாறா இருக்கும். ஆம்பூர் போய்ப் பார்த்துக்கலாம்."

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் கணவர் சொன்னது இது. காரை ஓட்டிக்கொண்டிருந்தது நான். அதனால் தப்பில் பாதி என்னுடையது.

கத்திரி முடிய இரண்டு நாள் பாக்கி. வேலூர் வெயில் தாங்காமல், பாகாயத்திலிருந்து ஏலகிரிக்குக் கிளம்பியிருந்தோம். நான், கணவர், மாமியார், எட்டு வயது மகன். காலை பதினொரு மணிக்கே தார்ச்சாலை கானல் காட்டியது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அடி தட்டையான சட்டியைக் குறுக்கே வெட்டி, நடுவில் ஓர் ஆச்சரியக்குறி போட்ட மாதிரி படம். டயரில் காற்று குறைகிறது என்று அர்த்தம். தெரியும். ஆனாலும் கார் ஒழுங்காகத்தானே ஓடுகிறது என்று போய்க்கொண்டே இருந்தேன்.

மாதனூர் நெருங்கும்போது ஸ்டியரிங் மெதுவாக இடப்பக்கம் இழுத்தது. அப்புறம் 'தப தப' என்று ஒரு சத்தம். பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தை மட்டும் சரியாகச் செய்தேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால் முன்பக்க இடது டயர் ரிம்மின் கீழே துணி மாதிரி மடிந்து கிடந்தது.

சரி, ஸ்டெப்னி இருக்கிறதே! டிக்கியில் இருந்த பெட்டி, பாய், தண்ணீர் கேன், மாமியாரின் முறுக்கு டப்பா எல்லாவற்றையும் சாலையோரம் இறக்கி, தரைப்பலகையைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தோம். கார் வாங்கி ஆறு வருடத்தில் அது வெளிச்சத்தைப் பார்த்தது அன்றுதான். கணவர் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கியது.

ஆறு வருடமாக வருடம் தவறாமல் சர்வீஸுக்கு விட்ட வண்டி. பில்லில் டயர் செக்கப் என்று ஒரு வரியும் இருக்கும். நான்கு டயரையும் பார்த்திருப்பார்கள். ஐந்தாவதைப் பார்க்கச் சொல்லி நாங்களும் கேட்டதில்லை.

கம்பி வைத்திருந்த டிரைவர்

பஸ்ஸும் லாரியும் பறக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் நம் கார் ஒரு முறை ஆடும். மாமியாரையும் மகனையும் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு வேப்ப மரத்தடிக்கு அனுப்பினோம். காருக்குள்ளேயே ஏசி போட்டு உட்காரலாமே என்று மகன் அழுதான். நின்ற காரின் மேல் பின்னாலிருந்து வண்டி வந்து மோதுவதுதான் இங்கே பெரிய பயம். அதனால் காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. நான்கு இண்டிகேட்டரும் எரியும் ஹசார்டு பட்டனைப் போட்டுவிட்டு, சிவப்பு முக்கோணத்தைத் தூரமாகக் கொண்டு போய்ப் பின்னால் வைத்தோம்.

அப்போது ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போய் நின்றது. தோல் ஏற்றிய லாரி. ஆம்பூர் டேனரிக்குப் போகிறது. பார்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். எங்கள் ஸ்டெப்னியைக் காலால் ஓர் உருட்டு உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

லாரியிலிருந்து ஒரு நீளமான ரப்பர் குழாயை எடுத்து வந்தார். லாரிகளில் பிரேக் பிடிப்பதே அழுத்தப்பட்ட காற்றில்தான். அதற்காக எப்போதும் காற்று நிரம்பிய டேங்க் வண்டியின் அடியில் இருக்கும். அதிலிருந்து எங்கள் ஸ்டெப்னிக்குக் காற்று ஏற்றினார். வால்வில் எச்சில் தொட்டு வைத்து, குமிழ் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"லைட்டு எப்போ எரிஞ்சுச்சு அக்கா?"

"பள்ளிகொண்டா தாண்டினதும்."

"அப்பவே நிறுத்தியிருந்தா நூறு, நூத்தைம்பது ரூபாயில பஞ்சர் ஒட்டியிருக்கலாம். இப்போ டயரே போச்சு. எங்களுக்கு இந்த லைட்டெல்லாம் கிடையாது. இதான்" என்று கையில் இருந்த இரும்புக் கம்பியைக் காட்டினார். தூரப் பயணத்தில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் லாரிக்காரர்கள் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார்களே, அந்தக் கம்பி. காற்று சரியாக இருந்தால் 'டங்'. குறைந்தால் 'தொப்'.

டயர் மாற்றியதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் நேராக ஜாக்கியை வைக்கப் போனார். டிரைவர் தடுத்துவிட்டார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு சுற்று இளக்க வேண்டும். தூக்கிய பிறகு இளக்கினால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர் மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல். பிறகு ஸ்பேனர். நட்டு அசையவே இல்லை. பணிமனைகளில் மெஷின் வைத்து முடுக்கிவிடுகிறார்கள். காருடன் கொடுக்கும் சின்ன ஸ்பேனர் அதற்கு முன்னால் பொம்மை. கடைசியில் ஸ்பேனர் பிடியின் மேல் காலை வைத்து அழுத்தித்தான் இளக்கினோம். ஜாக்கி வைக்க கதவுக்குக் கீழே, சக்கரத்தையொட்டி, தகடு தடித்த ஓர் இடம் இருக்கிறது. வேறு இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும். கழற்றிய டயரை அவர் காருக்கு அடியில் படுக்க வைத்தார். ஜாக்கி சரிந்தாலும் கார் அதன் மேல் உட்காரும், மனிதர் மேல் அல்ல. ஸ்டெப்னியைப் போட்டு நட்டுகளை வட்டமாக இல்லாமல் எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கி, திரும்பவும் ஒரு முறை அழுத்தி முடுக்கினார். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்.

இடது டயராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வலது டயர் என்றால் உட்கார்ந்து கழற்றுகிறவரின் முதுகு வண்டிகள் போகும் பக்கம். அப்படி ஆனால் மெதுவாக உருட்டியாவது அகலமான இடத்துக்குக் கொண்டு போய்விட வேண்டும். டயர் போனாலும் பரவாயில்லை. உதவிக்கு ஆள் இல்லையென்றால் தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். எங்கள் யாருக்கும் அன்று அது ஞாபகம் வரவில்லை.

பணம் கொடுத்தோம். வாங்கவில்லை. முறுக்கு டப்பாவை வாங்கிக்கொண்டார்.

விளக்கு என்ன சொல்கிறது?

டயருக்குள் வால்வோடு சேர்ந்து, பேட்டரியில் இயங்கும் சின்ன சென்சார் சில கார்களில் இருக்கிறது. எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று என்று எண்ணாகவே காட்டும். எங்களுடையது போன்ற கார்களில் தனி சென்சார் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று வண்டி ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிறது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு ஒரு துளி சுருங்கும். அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பார்த்து விளக்கைப் போடுகிறது. எது என்று சொல்லாது. நான்கிலும் சமமாகக் காற்று குறைந்தால் கண்டுபிடிக்கத் திணறும். காற்று பிடித்த பிறகு ரீசெட் பட்டனை அழுத்த மறந்தால் தப்பாக எரியவும் செய்யும். என் கணவரின் 'சென்சார் கோளாறு' வாதம் இப்படி ஒரு பழைய அனுபவத்திலிருந்து வந்ததுதான். உண்மையிலேயே கோளாறு என்றால் பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரியும். மினுக்காமல் நேராக எரிந்தால், காற்றுதான்.

விளக்கு வந்த கதை சோகமானது. 2000-ம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து, வண்டிகள் உருண்டு, பலர் இறந்தார்கள். லட்சக்கணக்கான டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு வந்த சட்டம்தான் இந்த விளக்கைக் கட்டாயமாக்க வழிவகுத்தது. அந்த நாட்டு விதிப்படி, சொல்லப்பட்ட அளவைவிட 25 சதவிகிதம் குறையும்போது விளக்கு எரிந்தாக வேண்டும். 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் என்றால் ஏறக்குறைய 25-க்கு இறங்கிய பிறகு. ஆக, விளக்கு எரிவதே கொஞ்சம் தாமதமான செய்தி. அதற்கு மேலும் நான் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன்.

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் எரிந்து, அரை மணி நேரம் ஓடியதும் அணைந்துவிடுவது வேறு கதை. வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். ஓடிச் சூடானதும் ஏறும். அது பஞ்சர் இல்லை. ஆனால் காற்று எல்லைக்கோட்டில் இருக்கிறது, பிடித்தாக வேண்டும். இதே கணக்குதான் வெயில் காலத்திலும். மத்தியான வெயிலில் ஓடி வந்த டயரில் 37, 38 காட்டுகிறதே என்று பயந்து காற்றைத் திறந்துவிடாதீர்கள். ஆறியதும் குறைந்துபோகும். காலையில் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரி. எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் மேலேயே அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து நிரப்பக் கூடாது.

'ஸ்டெப்னி' என்ற ஊர்த்தெரு

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர் என்றால் நம்புவீர்களா? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்களுக்கு மாற்றுச் சக்கரமே கிடையாது. சாலையெல்லாம் குதிரை லாடத்து ஆணி. பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் அந்தத் தெருவில், காற்று நிரப்பிய டயரோடு ஆரம் இல்லாத ஒரு வளையத்தைச் செய்தார்கள். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே பூட்டிக்கொண்டு போகலாம். அந்தக் கம்பெனிப் பெயர் அவர்கள் ஊரில் மறைந்துபோனது. நம் ஊர் பஞ்சர் கடைப் பலகைகளில் இன்னும் இருக்கிறது.

இப்போது அந்த ஸ்டெப்னியே போய்க்கொண்டிருக்கிறது. 2020-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், காற்று குறைந்தால் எச்சரிக்கும் வசதி, டயரைச் சரிசெய்யும் கிட் இவையெல்லாம் இருந்தால் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. பல எலெக்ட்ரிக் கார்களில் டிக்கியைத் திறந்தால் ஒரு சின்ன பம்பும் பசை பாட்டிலும்தான் இருக்கும். ஆணி குத்திய சின்ன ஓட்டைக்கு அது போதும். பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு உதவாது. உங்கள் காரில் இருப்பது எது என்று இன்றே ஒருமுறை திறந்து பாருங்களேன். ஸ்டெப்னி இருந்தாலும் அது மற்ற நான்கின் அளவா, சிறியதா என்று பாருங்கள். சிறியது என்றால் பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். பஞ்சர் கடை வரை போவதற்காகத்தான் அது.

எங்களுடையதும் சிறியதுதான். ஆறு வயது ஆன, லாரிக் காற்று குடித்த, சின்ன டயரை நம்பி ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் துணிச்சல் வரவில்லை. அறுபதைத் தாண்டாமல் வீட்டுக்குத் திரும்பினோம். "ஏலகிரியும் போச்சு, ஆம்பூர் பிரியாணியும் போச்சு, முறுக்கும் போச்சு" என்றார் மாமியார், பின் சீட்டிலிருந்து.

பாகாயத்தில் எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணன் டயரை ரிம்மிலிருந்து பிரித்ததும் உள்ளேயிருந்து கறுப்புப் பொடி கொட்டியது. காப்பிப்பொடி மாதிரி. காற்றில்லாமல் ஓடியபோது பக்கவாட்டு ரப்பர் தன்னைத்தானே அரைத்துக்கொண்ட பொடி. வெளியே பார்த்தால் டயர் நன்றாகத்தான் தெரிந்தது. வேறு யாராவது பஞ்சர் மட்டும் ஒட்டிக் கொடுத்திருந்தால் நாங்களும் மாட்டிக்கொண்டு போயிருப்போம். அது எந்த நேரமும் வெடிக்கும் என்றார். மேல்பட்டையில் குத்தியிருந்த வளைந்த ஆணியைக் குறடால் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

"ஷூ கம்பெனி ஆணியா அண்ணா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் ரோட்டில் எந்த ஆணி கிடந்தாலும் பழி அங்கேதான் போகும்.

"ஷூ ஆணி இத்தனூண்டு இருக்கும். இது சென்ட்ரிங் பலகை ஆணி. எங்கயோ வீடு கட்டறாங்க" என்றார்.

புது டயர் போட்டாயிற்று. ஸ்டெப்னியையும் மாற்றினோம். இப்போதெல்லாம் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் மகன்தான் பெட்ரோல் பங்கில் இறங்கி, காற்று பிடிக்கிறவரிடம் சொல்கிறான்: "அண்ணா, அஞ்சு டயர்!"