தாங்குமிடம் அறிதல்

நுழையும்முன்

ஊர்தியைச் செலுத்தக் கற்றவர் பலர். அதனை முறையாக உயர்த்தக் கற்றவர் சிலர். ஜாக்கியை வைக்கும் இடம் தவறினால் ஊர்தி சிதையும். அதன்கீழ் இருப்பவரின் உயிருக்கும் ஊறு நேரும். பழைய மகிழுந்து, வேன் ஆகியவற்றின் தாங்குமிடங்களையும், அவற்றில் செய்யத்தக்க மாற்றங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

இருவகைக் கட்டமைப்பு

சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1961 முதல் ஹெரால்டு மகிழுந்தைத் தயாரித்தது. பெருங்களத்தூரும் உத்திரமேரூரும் அக்காலத்தில் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. ஹெரால்டில் அடிச்சட்டம் தனி. அதன்மேல் திருகாணிகளால் பொருத்தப்பட்ட கூடு தனி. எடையைத் தாங்குவது அடிச்சட்டமே. கதவுகளுக்குக் கீழுள்ள வெளித்தகடு ஓர் உறை மட்டுமே. அங்கே ஜாக்கி வைத்தால் தகடு நசுங்கும்.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடரின் அமைப்பு வேறு. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மகிழுந்தைத் தழுவிய இதில் கூடும் சட்டமும் ஒன்றே. தகடுகளே மடிக்கப்பட்டு, பற்றவைக்கப்பட்டு எடையைத் தாங்குகின்றன. எனவே வலுவூட்டப்பட்ட பகுதிகளில் மட்டுமே இதனை உயர்த்த வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்ற, பின் அச்சின் அடியில் கமான் பட்டை இணையும் இடத்தை ஒட்டி ஜாக்கியை வைப்பது பட்டறை வழக்கம். தரைத்தகடு, எண்ணெய்த் தொட்டி, கியர்பெட்டி ஆகியவை தாங்குமிடங்கள் அல்ல. ஊர்தியின் கையேடு காட்டும் இடமே முதன்மையானது.

மண்ணும் மரப்பலகையும்

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், மழைநாளில், அம்பாசிடர் ஒன்று பஞ்சராகி நிற்பதாகக் கொள்க. அதன் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. ஒரு சக்கரத்தின் பங்கு ஏறத்தாழ 275 கிலோ. ஜாக்கியின் அடிப்பரப்பு 100 சதுர செ.மீ. எனில், ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணும் 2.75 கிலோ எடையைச் சுமக்கும். ஏரிப்பாசன வயலோரத்தின் ஈரமண் அதற்கு ஈடுகொடாமல் அமிழும், ஜாக்கி சாயும். 30 செ.மீ. பக்கமுள்ள தடித்த மரப்பலகையை அடியில் இட்டால், அதே எடை 900 சதுர செ.மீ. பரப்பில் பரவும்; அழுத்தம் ஏறத்தாழ 0.3 கிலோவாகக் குறையும். அறிவியல் பாடத்தில் கற்ற அழுத்தவிதி இங்கே உயிர் காக்கிறது.

முட்டுக்கட்டையும் தாங்கியும்

கியரில் நிறுத்திய ஊர்தி நகராது என்று எண்ணுவது பிழை. பின்சக்கரங்களால் இயங்கும் ஊர்தியில் ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழுந்தால், அச்சிலுள்ள டிஃபரென்ஷியல் அச்சக்கரத்தைத் தனியே சுழலவிடும். தரையிலுள்ள மற்றொரு சக்கரமும் உருளக்கூடும். ஆகவே கைப்பிரேக்கை இழுப்பதுடன், தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை இடுதல் வேண்டும். வேனாயின், உயர்த்துமுன் சரக்கையும் ஆட்களையும் இறக்குதல் இன்றியமையாதது. உயரத்தில் உள்ள சுமை சாய்வைப் பெருக்கும்.

ஜாக்கி உயர்த்துவதற்கே உரியது. தாங்கி நிறுத்துவதற்கு உரியதன்று. ஹைட்ராலிக் ஜாக்கியில் எண்ணெய் கசிந்தால் ஊர்தி சட்டென இறங்கிவிடும். இரும்புத் தாங்கிகளை நிறுத்தாமல் எவரும் ஊர்தியின் அடியில் நுழைதல் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் தாங்கிக்கு மாற்றாகா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

மாற்றங்களும் வரம்புகளும்

பழைய ஊர்தியில் செய்யும் மாற்றங்கள் யாவும் ஒரு தன்மையின அல்ல. டைனமோவுக்கு மாற்றாக ஆல்டர்னேட்டர் பொருத்துவதும், முகப்பு விளக்குகளுக்கு ரிலே அமைப்பதும் தேவையெனில் மீண்டும் பழைய நிலைக்குக் கொணரத்தக்கவை. இருக்கைப் பட்டை பொருத்துவது உயிர்காப்பு. ஆயினும் அதனைத் தரையின் மெல்லிய தகட்டில் பூட்டாமல், வலுவூட்டிய இடத்தில் பூட்ட வேண்டும். துருப்பிடித்த தாங்குமிடத்தின்மேல் புதுத்தகட்டை ஒட்டுவது குறையை மறைக்குமேயன்றி நீக்காது. துருப்பகுதியை முழுவதும் வெட்டியெடுத்து, உரிய தடிமனுள்ள தகட்டைப் பற்றவைத்தலே முறை.

பெட்ரோல் எஞ்சினை அகற்றி, எடைமிகுந்த டீசல் எஞ்சினைப் பொருத்தினால் முன்புற ஸ்பிரிங்கும் பிரேக்கும் கூடுதல் சுமையை ஏற்கின்றன. ஆகவே, அவற்றின் வலிமையும் ஆராயப்பட வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களை விருப்பம்போல் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது.

தெரிந்து தெளிவோம்

முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளுக்கு மேலாகியும் மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்குசக்கர ஊர்திகளைத் தொன்மை ஊர்திகளாகப் பதிவுசெய்ய, நடுவண் அரசு 2021இல் விதிகள் வகுத்தது. இவ்வாறு பதிவான ஊர்திகளை வணிகத்திற்கோ அன்றாடப் பயணத்திற்கோ பயன்படுத்தலாகாது.

தன் எடையை ஊர்தி எங்கே தாங்குகிறதோ, அங்கேயே அதனை உயர்த்த வேண்டும். எப்பகுதியை மாற்றும்போதும், அது எதனைத் தாங்கிநிற்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அவ்வறிவு பழைய ஊர்தியின் வாழ்நாளை நீட்டிக்கும். அதனைப் பழுதுநீக்குவோரின் உயிரையும் காக்கும்.