தேள் கொட்டினால் கயிற்றைத் தேடாதீர்கள்



ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா ஒருவரை மோட்டார் சைக்கிளில் வைத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டு வந்தார்கள். விரலில் கருந்தேள் கொட்டிவிட்டது. கொட்டிய இடத்தில் சின்ன வீக்கம்தான். ஆனால் மணிக்கட்டில் நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கை நீலம் பாரித்து, சில்லிட்டுப் போயிருந்தது. முதலில் கயிற்றைத்தான் அறுத்தேன். இன்னும் சில மணி நேரம் அப்படியே விட்டிருந்தால், தேளால் போகாத விரல் கயிற்றால் போயிருக்கும்.

கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் தாத்தா பாட்டிமார் தேள் என்றாலே நடுங்குவார்கள். காரணம் உண்டு. இந்தியாவிலுள்ள செந்தேளின் விஷம் இருதயத்தைத் தாக்கும். சின்னப் பிள்ளைகளின் உயிரையே வாங்கிவிடும். அந்தத் தேள் மலேசியாவில் கிடையாது. நம் செம்பனை மட்டைக் குவியலில் இருப்பது பெரிய கருந்தேள். கொட்டினால் சுரீரென்று வலிக்கும், வீங்கும். உயிராபத்து மிக அபூர்வம்.

செய்ய வேண்டியவை:

1. ஆளை உட்கார வைத்துத் தைரியம் சொல்லுங்கள். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றுங்கள்.

2. சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள்.

3. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வையுங்கள். 10 நிமிடம் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

4. வலிக்குப் பெரியவர்கள் 500 மில்லிகிராம் பாரசிட்டமோல் 2 மாத்திரை போடலாம்.

5. டிஸ்பென்சரிக்கு வாருங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று பார்க்க வேண்டும்.

கயிறு கட்டாதீர்கள். கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவாதீர்கள். சம்சு கொடுத்தால் வலி மறக்கும் என்பார்கள். ஆபத்தின் அறிகுறியும் அதோடு மறைந்து போகும்.

மூச்சுத் திணறல், முகம் உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, ஓயாத வாந்தி, வலிப்பு கண்டால் உடனே 999-க்குப் போன் செய்யுங்கள். சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், இருதய நோயாளிகளை அறிகுறி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கடித்தது எதுவென்று கண்ணால் பார்க்கவில்லையா? பாம்பு என்றே வைத்துக்கொண்டு, கைகாலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வேலைக்குப் போகுமுன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிப் போடுங்கள். மட்டையைக் கையால் புரட்டாமல் கொக்கியால் புரட்டுங்கள். கையுறை இல்லையென்றால் கேட்கத் தயங்காதீர்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளி தரவேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்கு நம் சம்பளத்தில் காசு பிடிக்க முடியாது.

இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். பாட்டிக்கும் கேட்கட்டும்.