124-ஆம் சங்கீதத்தில் ‘நாம்’ என்னும் சொல்

வேதாகமத்துச் சங்கீதங்கள் 150-இல், 120 முதல் 134 வரையுள்ள 15-உம் ‘ஆரோகண சங்கீதம்’ என்னும் தலைப்புப் பெற்றவை. பண்டிகைக் காலங்களில் எருசலேமுக்கு ஏறிச்சென்ற யாத்திரிகர் வழியிலே பாடியவை இவை என்பது அறிஞர் பலரின் கொள்கை. அவற்றுள் 124-ஆம் சங்கீதம் எட்டே வசனங்களால் ஆயது. ஆலயங்களில் இதனைப் பலமுறை கேட்டிருப்போம்; கேட்டுப் பழகிய காரணத்தாலேயே இதன் பொருளை ஆராயாது விட்டிருப்பதும் உண்டு. தப்பினோர் பாடும் இத்துதியில் தப்பாதோர்க்கு இடமுண்டோ என்னும் வினாவை முன்னிறுத்தி, யாம் அறிந்த அளவில் இதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் இதன் அமைப்பை நோக்குவோம். ஆண்டவர் துணைநில்லாதிருந்தால் நம் கதி என்னாயிருக்கும் என்னும் கருத்தை ஒருவர் எடுத்துத் தொடங்க, இஸ்ரவேலர் அனைவரும் அதனைத் திருப்பிச் சொல்லுமாறு ஏவப்படுகின்றனர். அடுத்த மூன்று வசனங்களும், ‘அப்பொழுது’ என்று பொருள்படும் ஒரே எபிரேயச் சொல்லால் தொடங்குகின்றன. அச்சொல்லின் அவ்வடிவம் பழைய ஏற்பாட்டில் வேறெங்கும் காணப்படாதது. நேர்ந்திருக்கக்கூடிய கேட்டை மும்முறை எண்ணிப் பார்த்த பின்னரே ஆறாம் வசனத்தில் துதி எழுகின்றது. நேராமற்போன துன்பத்தை நினைவில் நிறுத்துதலே நன்றியின் முதற்படி என்பது இதனால் விளங்கும்.

பகைவர் யார், ஆபத்து யாது என்பதைப் புலவர் கூறினாரில்லை. எபிரேயப் பிரதியின் தலைப்பு தாவீதின் பெயரைத் தாங்கினும், சொல்நடையை ஆராய்ந்து, இது பாபிலோன் சிறையிருப்புக்குப் பிற்பட்டது என்பாரும் உளர். இவ்வாறு பெயர் குறியாமை குறையன்று. எந்நாட்டவரும் தம் ஆபத்தை இதனுள் வைத்துப் பாட அது இடந்தருகின்றது. 1582-ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரினின்று விலக்கப்பட்டிருந்த ஜான் டூரி என்னும் போதகர் திரும்பிவந்தபோது, நகர மக்கள் பெருந்திரளாய்த் தெருவிலே இச்சங்கீதத்தைப் பாடிச் சென்றனர்.

இனி உவமைகளைக் காண்போம். அவை மூன்று: உயிரோடு விழுங்கவரும் கொடுவிலங்கு, பெருக்கெடுத்த வெள்ளம், வேடன் வைத்த கண்ணி. களமருதூர் முதலிய சமவெளியூர்களையும் கல்வராயன் மலையையும் ஒருங்கே உடைய கள்ளக்குறிச்சிச் சீமையார்க்கு இவை அயலான உவமைகள் அல்ல. கோமுகியும் மணிமுத்தாறும் அம்மலையிலே தோன்றுவன. கோடையில் மணலாய்க் கிடக்கும் காட்டாறு, மேலே பெய்த மழையால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே திரண்டு வருவதுண்டு. பாலஸ்தீன நாட்டு வறண்ட ஓடைகளின் இயல்பும் அதுவே.

கண்ணியின் இயல்போ இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது. அது ஒரு சிறு சுருக்கு. அகப்பட்ட குருவி காலை இழுக்குந்தோறும் சுருக்கு இறுகும். வெள்ளத்தில் அகப்பட்டோனுக்கு அவன் தோள்வலி துணையாகவுங் கூடும். கண்ணியிற் பட்ட பறவைக்கோ அதன் வலியே பகையாகின்றது. ஆதலின், பறவை கண்ணியை அறுத்தது என்று புலவர் பாடவில்லை. கண்ணி அறுபட்டது, பறவை பிழைத்தது என்பதே அவர் கருத்து. அறுத்தவர் யார் என்பதை இறுதி வசனம் உரைக்கும்: வானத்தையும் பூமியையும் படைத்தவரே அவர்.

இங்குத் தமிழ் மொழிக்கு உரிய ஒரு நயம் உண்டு. எபிரேய மொழியில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழிலோ, கேட்போரை உளப்படுத்துவது ‘நாம்’. அவரை நீக்குவது ‘நாங்கள்’. ஆகவே மொழிபெயர்ப்போர் ஒவ்வோரிடத்தும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். போவர் ஐயர் முதலியோர் திருத்தி 1871-ஆம் ஆண்டில் வெளிவந்து, இன்றும் பல சபைகளில் வழங்கும் திருப்புதலில், கர்த்தர் கற்பித்த ஜெபம் கடவுளை ‘எங்கள் பிதாவே’ என்று விளிக்கின்றது. கடவுளை நோக்கிய விண்ணப்பமாதலின் அது பொருத்தமே. இச்சங்கீதத்திலோ ‘நாம்’ என்றும் ‘நம்முடைய’ என்றுமே வருகின்றன. இது கடவுளைப்பற்றி மனிதர் மனிதர்க்குச் சொல்வது. ‘நாங்கள் தப்பினோம்’ என்பவர் கேட்போரைக் கரையிலே நிறுத்திவிடுகின்றார். ‘நாம்’ என்பவரோ அவரையும் தம் தோணியில் ஏற்றிக்கொள்கின்றார்.

கல்வராயன் மலையின் அண்மைக்கால வரலாறு இதற்கு நல்ல விளக்கமாகும். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கீழிருந்து, கூலியின்றி உழைக்கும் கடப்பாட்டிற்கு உட்பட்டிருந்தனர். நாடு 1947-இல் விடுதலை பெற்ற பின்னும் அந்நிலை நீடித்தது. 1976-ஆம் ஆண்டிலேதான் மலை அரசாங்கத்தின் நேர் ஆட்சிக்கு வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது. வழக்கத்தாலோ, வழிவழி வந்த கடப்பாட்டினாலோ, கடனாலோ ஒருவரைப் பிணித்து வேலைவாங்குதலை அது விலக்கிற்று. கொத்தடிமைக் கடன் பட்டவர் அதனை உழைத்துத் தீர்க்கட்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. கடனைத் திருப்பித்தரும் பொறுப்பையே இல்லையாக்கிற்று. உழைக்க உழைக்க இறுகும் சுருக்கை உழைப்பால் அவிழ்க்க இயலாது. அதனை அறுக்கவே வேண்டும் என்னும் உண்மையைச் சங்கீதக்காரர் ஒரு குருவியைக்கொண்டு காட்டியிருக்கின்றார்.

எனினும் ஒரு தடை எழும். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் அதனை அடுத்த இடங்களிலும் நச்சுச் சாராயம் அருந்தி 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவரும் உளர். பிழைத்த ஒருவர், மாண்ட அண்டைவீட்டாரின் மனைவி மக்கள் கேட்க, இச்சங்கீதத்தைப் பாடுதல் தகுமோ? ஆண்டவர் என் பக்கம் நின்றார், அவர் பக்கம் நில்லார் என்னும் பொருளில் பாடுவாராயின், அது துதியன்று, கொடுமையேயாம். அவ்வாறு பாடுதற்கு இச்சங்கீதம் இடந்தரவில்லை. தப்பினோரின் தகுதி, புண்ணியம் என்பன பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. பிறரைத் தள்ளி நிறுத்தும் ‘நாங்கள்’ என்பதும் இல்லை. ‘நாம்’ என்று வாய்திறந்து பாடுபவர், துக்கவீட்டாரையும் அச்சொல்லுக்குள் சேர்த்துக்கொள்ளுகின்றார். சேர்த்துக்கொண்டமையால், அவ்வீட்டுப் பிள்ளைகளின் சோறும் படிப்பும் அவருடைய பொறுப்பும் ஆகின்றன. இதனை ஏற்காதார் வாயில் இப்பாட்டு வெறும் ஓசையாய் நின்றுவிடும்.

ஆகவே, விடுதலைத் துதி என்பது தப்பியதைக் கொண்டாடி முடிவதன்று. இன்னும் கண்ணியிலே கிடப்போரை நோக்கித் திரும்புவது. கடன், குடி, கல்வியின்மை எனக் கண்ணிகள் பலவாய்க் கிடக்கும் நாட்டில், இக்கல்லூரியில் பயின்று வெளியேறும் நாம் ஒருவகையில் தப்பிய பறவைகளே. நம்முள் எவரும் தம் சிறகின் வலியால் மட்டும் இங்கு வந்தாரல்லர். பெற்றோர் பட்ட பாடும், ஆசிரியர் காட்டிய பரிவும், முகமறியாதோர் ஈந்த பொருளும் நம் கண்ணியை அறுத்த கைகளாம். அடுத்தமுறை இச்சங்கீதம் ஆலயத்தில் வாசிக்கப்படும்போது, ‘நாம்’ என்னும் சொல் வருமிடத்தில் ஒரு கணம் நின்று, அதனுள் யார் யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம் என்று நம்மையே வினவுவோமாக.