பல்லைக் கவ்வி ஏறும் ரயில்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி மலை ரயிலுக்கு முன்னால் இன்ஜினைத் தேடாதீர்கள். அது பின்னால் நிற்கும். மலையேறும்போது பெட்டிகளை இழுக்காது, தள்ளும்.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் கடுமை: 12.5 அடி ஓடினால் 1 அடி உயர வேண்டும். வழவழப்பான இரும்புச் சக்கரத்துக்கு அங்கே பிடிமானம் போதாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. இன்ஜினின் பற்சக்கரங்கள் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்வியே இருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்ட அருமையான முறை இது!

ஓட்டுநர் பின்னால் இருப்பதால், முன்பெட்டியின் மேடையில் நிற்கும் பிரேக்மேன்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். அவர் கண்ணை நம்பித்தான் ரயிலே ஏறுகிறது. காட்டுக்கு நடுவே ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். இறங்கி நின்று பாருங்கள், ஆனால் குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள்.

1899-இல் குன்னூர் வரை வந்த பாதை, 1908-இல் ஊட்டியை எட்டியது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ 5 மணி நேரம். இறங்க அதைவிடக் குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் ரயில் ரத்தாவதுண்டு, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.